நுண்ணோக்கியில் பார்த்தால் பானையின் வயது தெரியுமா?

'வயலில் கிடைக்கும் பானையோட்டை நுண்ணோக்கியில் வைத்தால், எந்த ஆண்டில் செய்த சோழர் காலப் பானை என்று தெரிந்துவிடும்' என்று கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

ஓட்டுத் துண்டை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டிப் பார்ப்பார்கள். அவ்வளவு மெலிந்தால்தான் ஒளி ஊடுருவும். குவார்ட்ஸ், மைக்கா துகள்கள், குயவர் கலந்த மணல், உமி எரிந்துபோன வெற்றிடம்கூடத் தெரியும். சூளையின் சூட்டையும் ஓரளவு கணிக்கலாம். அருமையான வேலை அது. ஆனால் ஆண்டு அதில் தெரியாது. டெல்டா முழுக்கக் காவிரி வண்டல்தான் என்பதால், எந்த ஊர் மண் என்று சொல்வதே கடினம்.

வயதுக்கு, ஓடு கிடந்த மண்ணடுக்கு, கூடக் கிடைத்த கரியின் கார்பன் சோதனை, ஓட்டைச் சூடாக்கி அதிலிருந்து வரும் ஒளியை அளக்கும் வெப்ப ஒளிர்வுச் சோதனை போன்றவை வேண்டும். மாநிலத் தொல்லியல் துறையின் அகழாய்வு அறிக்கைகளில் இதைச் சரிபார்க்கலாம். அப்புறம், ஓடு தென்பட்டால் தோண்டி எடுக்காதீர்கள். இடம் மாறினால் மண்ணடுக்குச் சான்று போய்விடும். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.