கதாபாத்திரமே இல்லை என்று சொன்னவருக்கு

அந்தக் கருத்தரங்கைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீடியோவைப் பார்த்துவிட்டு இன்பாக்ஸில் நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். சரி, எழுதிவிடுகிறேன். கமெண்டில் யாரும் பெயர் போட வேண்டாம்.

ஆரம்பகால ஆங்கில இலக்கியத்தில் குணமும் அறமும் என்று ஒரு பெண் ஆய்வுக் கட்டுரை வாசிக்கிறாள். தலைமை வகித்தவர் பாதியில் மைக்கை வாங்கி, "அந்தக் காலத்துல கேரக்டரே கிடையாதும்மா, எல்லாம் நீதிபோதனைதான். ஷேக்ஸ்பியரை எடுத்துப் பண்ணு" என்கிறார். அரங்கமே சிரிக்கிறது. அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேரக்டர் கிடையாதா? மால்டன் போர் என்ற பழைய ஆங்கிலக் கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். 991இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் கரையோரம் வைக்கிங் படையோடு நடந்த சண்டை. ஆங்கிலேயர்களின் தலைவன் பிர்ட்நாத் விழுந்துவிடுகிறான். அவனுடைய ஆட்களில் காட்ரிக் என்பவன் ஓடுகிறான். வெறுமனே ஓடியிருந்தால் கோழை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். அவன் ஏறிக்கொண்டு ஓடுவது தலைவனுடைய குதிரையில். அவனுக்கு எத்தனையோ குதிரைகளைக் கொடுத்த தலைவன் அவன். தள்ளி நிற்கிறவர்களுக்குக் குதிரைதான் தெரிகிறது. தலைவரே போகிறார் என்று நினைத்துக் கேடய வரிசை உடைகிறது. அது முறையில்லை என்று கவிஞர் அரை வரியில் சொல்கிறார், அவ்வளவுதான். மீதியை அந்தக் குதிரை சொல்கிறது. இதில் குணம் எங்கே முடிகிறது, அறம் எங்கே ஆரம்பிக்கிறது என்று யாராவது கோடு போட்டுக் காட்டட்டும்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஆள் தடுமாறுகிற இடத்தைத் தேடுங்கள். அங்கேதான் அவன் யாரென்று தெரியும், அந்தச் சமூகம் எதை அறம் என்று நம்பியது என்பதும் அங்கேதான் தெரியும். பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தை எடுத்து, பேவுல்ஃப் வீரன், கிரெண்டல் என்ற அரக்கன் தீமை என்று பட்டியல் போட்டால் அது கட்டுரை ஆகாது. அதே காவியத்தில் கிழட்டு மன்னன் பேவுல்ஃப் டிராகனோடு போராடும்போது கூட வந்தவர்கள் காட்டுக்குள் ஓடி ஒளிகிறார்கள். விக்லாஃப் மட்டும் நிற்கிறான். ஓடியவர்கள் பிறகு தலைகுனிந்து திரும்பி வரும் இடம் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தை வைத்து மட்டும் பத்துப் பக்கம் எழுதலாம்.

உடனே ஒருவர் வருவார்: "எவ்ரிமேன் என்ற பழைய நீதி நாடகத்தில் நற்செயல், செல்வம், அறிவு என்று பண்புகளுக்குத்தானே பெயர் வைத்திருக்கிறார்கள், அவை பாத்திரங்களா?" சரி, அவை உருவகங்கள்தான். ஆனால் நாயகன் எவ்ரிமேன்? மரணம் வந்து கூப்பிட்டதும் அவன் செய்கிற முதல் காரியங்களில் ஒன்று, ஆயிரம் பவுண்டு தருகிறேன், இதை இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போடு என்று பேரம் பேசுவது. சாவுக்கே லஞ்சம் கொடுக்கப் பார்க்கிறவனைப் போய் வெறும் போதனை என்கிறீர்களே!

இன்னொருவர், 'பாத்திரம்' என்ற கருத்தே நவீனமானது, மன ஆழம் நாவலோடுதான் வந்தது என்பார். வரட்டும், அது வேறு விவாதம். அந்தப் பெண்ணின் கட்டுரை அதைப் பற்றியது இல்லை.

அவள் எழுதியது ஆர்தர் மன்னனின் சபை வீரன் காவெயினைப் பற்றி. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கவிதை. பச்சை வீரன் ஒருவனின் கோடரி வெட்டுக்குக் கழுத்தை நீட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, அவனைத் தேடிப் போகிற வழியில் காவெயின் ஒரு கோட்டையில் தங்குகிறான். அங்கே விருந்தளிக்கிறவனோடு அவனுக்கு ஓர் ஒப்பந்தம்: பகலில் யாருக்கு என்ன கிடைத்தாலும் மாலையில் மாற்றிக்கொள்ள வேண்டும். அவனுடைய மனைவி கொடுத்த முத்தங்களைக் காவெயின் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். மூன்றாம் நாள் அவள் ஒரு பச்சைக் கச்சையைத் தருகிறாள், கட்டியிருந்தால் உயிர் போகாது என்று. அதை மட்டும் மறைத்துவிடுகிறான். அதற்காகப் பச்சை வீரனின் கோடரி அவன் கழுத்தில் லேசாகக் கீறுகிறது, அவ்வளவுதான் தண்டனை. அவனோ வெட்கத்தில் குமைகிறான். ஊருக்குத் திரும்பினால் ஆர்தரின் சபை சிரித்து, நாங்களும் ஆளுக்கொரு பச்சைக் கச்சை கட்டிக்கொள்கிறோம் என்று சொல்லிவிடுகிறது. யார் சரி? தன்னை மன்னிக்காத காவெயினா, மன்னித்துவிட்ட சபையா? கவிதை தீர்ப்புச் சொல்லவே இல்லை. அவளுடைய கட்டுரையின் கேள்வியே இதுதான். அங்கே வருவதற்குள் மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள்.

நான் எம்.ஏ. படித்த காலத்தில், கேன்டர்பரி கதைகள் எழுதிய சாசர் என்றால் ஜெராக்ஸ் நோட்ஸ்தான். பாவமன்னிப்பு விற்கிறவன் பேராசைக்காரன், சந்நியாசினி நாசூக்கானவள் என்று ஆளுக்கு ஒரு குணம், மனப்பாடம், பதினைந்து மதிப்பெண். எங்கள் ஆசிரியை ஒருவர்தான் நோட்ஸை மூடச் சொல்லிவிட்டு மூலத்தை வாசித்துக் காட்டினார். அந்தப் பாவமன்னிப்புக்காரன் பன்றி எலும்பைப் புனிதப் பொருள் என்று காட்டிக் காசு பறிக்கிறவன். காசுக்காகத்தான் பிரசங்கம் செய்கிறேன் என்று தன் வாயாலேயே சொல்கிறான். சொல்லிவிட்டு, பேராசை ஆளைக் கொல்லும் என்று அவன் சொல்கிற கதை அத்தனை நல்ல கதை. கெட்டவன் வாயிலிருந்து வந்தால் நல்ல கதை பொய்யாகிவிடுமா? வகுப்பில் ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். நான் இந்தத் துறையில் நிற்பதற்கு அந்த ஒரு மணி நேரம்தான் காரணம்.

அந்த ஒரு மணி நேரத்தைத்தான் இப்போது பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். மொழிபெயர்ப்பில் படித்தால் ஆய்வா என்று கேட்கிறவர்களுக்கும் சொல்கிறேன். மொழிபெயர்ப்பில் தொடங்குங்கள், மேற்கோள் காட்டும் வரிகளை மட்டும் குறிப்புரையோடு மூலத்தில் சரிபாருங்கள். எம்.ஏ. கட்டுரைக்கு அது போதும்.

"நம்ம ஊர்ப் பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்கு" என்று பின்வரிசையில் ஒரு குரல் வீடியோவில் கேட்கிறது. ஏன் சார்? எங்கள் பிள்ளைகள் வேலைக்கான இங்கிலீஷ் மட்டும் படிக்க வேண்டும், அந்த மொழியின் ஆதியைத் தொடக் கூடாது என்று யார் முடிவு செய்தது? என்னிடமும் இதே கேள்வியை நேர்காணலில் கேட்டிருக்கிறார்கள். அன்று பதில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வேலைதான் கிடைக்கவில்லை.

தம்பி தங்கைகளே, மால்டன் கவிதையில் மிஞ்சியிருப்பது 325 வரிதான். முன்னும் பின்னும் அழிந்துவிட்டது. ஒரே மூச்சில் படித்துவிடலாம். காட்ரிக் குதிரையில் ஏறுகிற இடம் வந்ததும் நிறுத்தி, உங்களுக்குத் தோன்றுவதை ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள். தமிழில் எழுதினாலும் சரி. எல்லாவற்றையும் படித்துப் பதில் போடுகிறேன்.