சைம்ஸ் மணிக்கோபுரமும் நம் பெரட்டு மணியும்

சிங்கப்பூர் விக்டோரியா தெருவில், முன்பு கத்தோலிக்கக் கன்னியர் மடமும் பள்ளியுமாக (கான்வென்ட்) இருந்த சைம்ஸ் வளாகத்துக்குக் கல்யாணத்துக்குப் போய்வரும் நம் தோட்டப்புறத்து உறவுகள், அங்குள்ள மணிக்கோபுரத்தின் முன் நின்று எடுத்த படங்களைப் பதிவிடும்போதெல்லாம், "கோயிலைக் கொண்டாட்டக் கூடமாக்கிவிட்டார்களே" என்று யாராவது வருத்தப்படுகிறார்கள். அந்த வருத்தத்தில் எனக்குப் பாதிதான் உடன்பாடு.

அந்தக் கான்வென்ட்டின் வேர் நம் மலேசியாவில் இருக்கிறது. 1852இல் பினாங்கில் பள்ளி தொடங்கிய பிரெஞ்சுக் கன்னியர்கள்தாம் 1854இல், மதர் மத்தில்டின் தலைமையில், சிங்கப்பூருக்குச் சென்றார்கள். இன்று நாம் காணும் தேவாலயம் 1904இல் எழுந்தது. அதை வடிவமைத்தவர் சார்ல்ஸ் பெனடிக்ட் நேன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். வாசலின்மேல் ஐந்து நிலைகளாக உயரும் கோபுரத்தின் இருபுறமும் வளைந்திறங்கும் பறக்கும் உதைகால்கள் நிற்கின்றன. கோதிக் கட்டடங்களில் கூரை வளைவின் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்குவதே அவற்றின் வழக்கமான வேலை. ஆனால் இங்கே அவை இல்லாவிட்டால் கோபுரம் ரப்பர் புகைக்கூடத்துப் புகைபோக்கியைப் போலத் தனித்து நின்றிருக்கும் என்பது என் எண்ணம். தூண்களின் தலைப்பில் இந்த மண்ணின் செடிகொடிகளையும் பறவைகளையும் செதுக்க வைத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

செபத்துக்கு இவ்வளவு உயரம் தேவையில்லை. சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவியர் 1157இலேயே கல்லால் மணிக்கோபுரம் கட்டக்கூடாதென்று தடுத்துவிட்டார்கள். எனவே உயரம் ஊருக்காக, மணியோசை மடத்துக்காக. காலை, நண்பகல், மாலை என்று மும்மூன்றாக ஒலிக்கும் மூவேளைச் செப மணி, கத்தோலிக்க மடங்களில் நாளைப் பகுத்தது. நம் தோட்டங்களில் அந்த வேலையை, தொழிலாளரை விடியற்காலைப் பெயர்ப்பதிவுக்கு அழைக்கும் பெரட்டு மணி செய்தது. பல இடங்களில் அது சங்கிலியில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான். விடியுமுன் அது ஒலித்தால் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயமே எழுந்துகொள்ளும், எழாதவர் பெயர் தோட்டக் கணக்கரான கிராணியின் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் விழாது.

1983இல் கான்வென்ட் இடம்பெயர்ந்த பிறகு, யாருடைய நாளையும் தொடங்கிவைக்கும் பொறுப்பு அந்தக் கோபுரத்துக்கு இல்லாமல் போயிற்று. என் வருத்தத்தின் பாதி அதுதான். ஆனாலும் 1990இல் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்ததால் கட்டடம் பிழைத்தது. தோட்டங்கள் வீடமைப்புக்குக் கைமாறியபோது நம் கோயில் மணிகளையும் பெரட்டு மணிகளையும் யார் அளந்து வைத்தார்கள்? இன்னும் மிஞ்சியிருக்கும் தோட்டங்களில், மணியின் வாய் அகலம், வார்ப்பெழுத்து, தொங்கும் உத்தரத்தின் உயரம் ஆகியவற்றையாவது இளைஞர்கள் குறித்து வைத்துப் படமும் எடுத்துவிடட்டும்.