பிட்டரின் மீதிப் பாதி பப்பின் நிலவறையில்

இங்கிலாந்துக்காரர்கள் சூடான பீர் குடிக்கிறவர்கள் என்ற பேச்சை இனியாவது விட்டுவிடுவோமா? பீப்பாயிலேயே பக்குவமாகும் ‘கேஸ்க்’ பிட்டரை, அதாவது அவர்களுடைய கசப்புச் சுவை பீரை, 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் ஊற்றித் தருகிறார்கள். அது சூடு அல்ல. அதற்குக் கீழே குளிர்வித்தால் மால்ட் எனும் முளைகட்டிய பார்லியின் மணமும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் அமுங்கிப்போகும்.

எனக்கு உயிர், யார்க்‌ஷயரின் கீத்லியில் டிமோதி டெய்லர் ப்ரூவரி காய்ச்சும் லேண்ட்லார்ட் என்ற பிட்டர். 1858இல் தொடங்கிய ப்ரூவரி, 1863இல் நோல் ஸ்பிரிங் ஊற்றுக்கு இடம் மாறியது. இன்றும் அந்த ஊற்றுத் தண்ணீர்தான், கோல்டன் ப்ராமிஸ் என்ற வகைப் பார்லிதான். வெறும் 4.3 சதவீத ஆல்கஹாலில் ஆரஞ்சுத் தோல் மணமும் நாக்கில் நின்று போகும் கசப்பும் எப்படித்தான் வருகின்றனவோ! கேஸ்க் பீருக்காகப் போராடும் கேம்ரா என்ற நுகர்வோர் அமைப்பின் ‘சாம்பியன் பீர் ஆஃப் பிரிட்டன்’ பட்டத்தை 1982, 1983, 1994, 1999 என நான்கு முறை வென்ற பீர் இது.

ஆனால் ப்ரூவரி செய்வது பாதி வேலைதான். பீப்பாய் பப்புக்கு வரும்போது உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. நிலவறையில் அதை அசையாமல் கிடத்தி, மேலே மர ஆப்பு செருகி, மிகுதியான வாயு மெல்ல வெளியேற விட்டு, கசடு அடியில் படியும்வரை காத்திருக்க வேண்டும். லேண்ட்லார்ட் கொஞ்சம் துள்ளுகிற பீர். அவசரப்பட்டுத் திறந்தால் அதன் அருமை தெரியாது.

திறந்த பிறகு நிலைமை தலைகீழ், இனி அவசரம்தான். ஒவ்வொரு பைண்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) இழுக்கும்போதும் பீப்பாய்க்குள் காற்று நுழைகிறது. மூன்று நாளைக்குமேல் போனால் சப்பென்று ஆகி, பிறகு புளிக்கிறது. ஃபிர்கின் என்ற சின்னப் பீப்பாயே 9 கேலன், அதாவது 72 பைண்ட். கசடைக் கழித்தாலும் நாளுக்கு இருபதுக்குமேல் விற்றாக வேண்டும்.

கூட்டமில்லாத பப்பில் பீர் இழுக்கும் கைப்பம்புகள் ஐந்தாறை வரிசையாகப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை, கவலைதான் வருகிறது. எல்லாமே மெதுவாக விற்கும், எல்லாமே கெடும். முதன்முதலாகப் பிட்டர் கேட்டு வருகிறவர் ஒரு பழைய பைண்டைக் குடித்துவிட்டு குளிரக் குடிக்கும் லாகர் பீருக்கே திரும்பிவிடுவார். விற்பனை இன்னும் குறையும், பீர் இன்னும் பழசாகும். 1971இல் கேம்ரா தொடங்கியபோது எதிரி, வாயு ஏற்றிய கெக் பீர். இன்று அதைவிடப் பெரிய கேடு அக்கறையில்லாத நிலவறை என்பேன். ஒரே ஒரு பிட்டரை வைத்து அதை நன்றாகப் பார்த்துக்கொள்ளும் பப்பே எனக்கு மேல்.

(குழாய் நுனியில் ஸ்பார்க்லர் என்ற துளையிட்ட சின்ன மூடியை மாட்டிக் கெட்டி நுரை வரவழைப்பது வடக்கத்திப் பழக்கம், தெற்கில் பலருக்கு அது ஆகாது. லேண்ட்லார்ட் விஷயத்தில் நான் வடக்குப் பக்கம்.)

இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒன்று. பைண்டில் வினிகர் வாடை அடித்தால் கூச்சப்பட்டுக் குடித்து முடிக்காதீர்கள். ஒரு வாய் குடித்ததும் கவுன்டரில் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். நல்ல பப்பாக இருந்தால் மறுபேச்சில்லாமல் வேறு பைண்ட் தருவார்கள், அந்தப் பீப்பாயையும் போய்ப் பார்ப்பார்கள்.