ஜாக் ஈலி அவசரப்பட்டு வாயத் தொறந்த அந்த இடம்

நேத்து நைட் ஒரு நண்பர் வீட்டுக்கு வந்திருந்தாரு. ஸ்பீக்கர்ல சோனிக்ஸ்ங்கிற 60கள் அமெரிக்க பேண்டு ஓடிட்டிருந்துச்சு. ரெண்டு பாட்டு பொறுமையா கேட்டாரு, அப்புறம் "என்னய்யா இது, தகரத்த ரோட்டுல போட்டு இழுக்குற மாதிரி இருக்கு"ன்னாரு. எனக்குக் கோவமே வரல, ஏன்னா அது தகரச் சத்தம்தான். அந்தத் தகரச் சத்தத்த நான் ஏன் இத்தன வருஷமா உயிரா கேட்டுட்டிருக்கேன்னு அவர்கிட்ட சொல்ல ஆரம்பிச்சேன், மணி ஒன்னாயிருச்சு, பாதிகூட முடியல. மீதிய இங்க எழுதுறேன். நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

இந்தத் தகரச் சத்தத்துக்குப் பேரு கராஜ் பங்க். ரொம்பப் பெரிய விஷயமெல்லாம் இல்ல. 60கள்ல அமெரிக்காவுல ஊருக்கு ஊர் ஸ்கூல் படிக்கிற பசங்க, அப்பாவோட கார் நிக்கிற ஷெட்டுல மலிவான கிட்டார வச்சுக்கிட்டு மூணே மூணு கார்டுல, அதாவது கிட்டார்ல சேத்து மீட்டுற மூணே சுரக் கூட்டத்துல, கத்திப் பாடுனது. பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது, வாசிச்சு வாசிச்சுத்தான் கத்துக்கிட்டானுங்க. ஒரு பேண்டு ஒரே ஒரு சின்ன ரெக்கார்டு போடும், லோக்கல் ரேடியோல நாலு வாரம் ஓடும், அப்புறம் ஒருத்தன் காலேஜுக்குப் போவான், ஒருத்தன ராணுவம் இழுத்துட்டுப் போயிரும், முடிஞ்சது கத. 1972ல லென்னி கேய்ங்கிறவர் அப்படிக் காணாமப் போன பாட்டுல 27ஐத் தேடிப் பொறுக்கி 'நக்கெட்ஸ்'ங்கிற பேர்ல ரெண்டு எல்பியா (பெரிய இசைத்தட்டு) தொகுத்தாரு. அதுக்கு அவர் எழுதுன குறிப்புலயே 'பங்க் ராக்'ங்கிற வார்த்த இருக்கு. லண்டன்ல பின்னு குத்திக்கிட்டு பங்க் பேண்டுப் பசங்க மேடை ஏறுறதுக்குப் பல வருஷம் முன்னாடி.

எனக்கு அறிமுகமானது நைட் ஷிஃப்ட் வேல பாத்த காலத்துல. ரூம்மேட்டோட ஹார்ட் டிஸ்க்ல ஒரு ஃபோல்டர். விடியக்காலைல நாலு மணிக்கு ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு சும்மா ஒன்ன தட்டுனேன், கிங்ஸ்மென்ங்கிற பேண்டோட 'லூயி லூயி' வந்துச்சு. அன்னைலருந்து இன்னைவரைக்கும் அந்தப் பாட்ட எத்தன தடவ கேட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது.

இந்தப் பாட்டோட கதைய முழுசா சொல்லியாகணும். எழுதுனது ரிச்சர்ட் பெர்ரி, லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்த கறுப்பினப் பாடகர். எழுதுனது 1955, ரெக்கார்டா வந்தது 1957. ஒரு கப்பல்காரன் லூயிங்கிற பார்க்காரன்கிட்ட, கடல் தாண்டி எனக்காக ஒரு பொண்ணு காத்திருக்கா, நான் கெளம்பணும்னு பொலம்புறான், அவ்வளவுதான் பாட்டு. ஒரு கெட்ட வார்த்த கெடையாது. பெர்ரி தன்னோட கல்யாணச் செலவுக்காக அந்தப் பாட்டோட உரிமைய 750 டாலருக்கு வித்துட்டாரு. அதுக்கப்புறம் உலகமே அந்தப் பாட்ட பாடுச்சு, நூத்துக்கணக்கான பேர் ரெக்கார்டு பண்ணாங்க, அவர் 80கள்ல அரசாங்க உதவிப்பணத்துல அம்மா வீட்டுல இருந்தாரு. கடைசில வக்கீல் வச்சு உரிமைல ஒரு பங்க மீட்டாரு, காசும் வந்துச்சு, சந்தோஷம். ஆனா நடுவுல போன அந்த முப்பது வருஷத்த யார் குடுப்பா? கராஜ் பங்க்கப் பத்திப் பேசுற எவனும் இந்த மனுஷன் பேரச் சொல்லாம ஆரம்பிக்கக் கூடாதுங்கிறது என் கருத்து.

சரி, கிங்ஸ்மென். 1963 ஏப்ரல், அமெரிக்காவுல போர்ட்லாண்ட் நகரம், ஒரு சின்ன ஸ்டுடியோ. செலவு சுமார் அம்பது டாலர். பாடகன் ஜாக் ஈலிக்கு பல்லுல கம்பி போட்டிருக்கு, மைக்க எங்கயோ சீலிங் பக்கம் தொங்க விட்டிருக்காங்க, பையன் அண்ணாந்து பாத்துக் கத்துறான், சுத்தி மொத்த பேண்டும் ஃபுல் சவுண்டுல வாசிக்குது. எப்படி வார்த்த புரியும்? ஒரே டேக், ஒரே தடவ பாடி முடிச்சது. இப்ப கிட்டார் தனியா வாசிக்கிற அந்த சோலோ முடியிற எடத்த நல்லா கவனிச்சுக் கேளுங்க. ஈலி அவசரப்பட்டு அடுத்த சரணத்த முன்னாடியே எடுத்துடுறான். பேண்டு இன்னும் அங்க வரல. ஒரு அர செகண்டுல அவனுக்குப் புரிஞ்சிடுது, சட்டுனு நிறுத்திடுறான். அந்த ஓட்டைய டிரம்மர் லின் ஈஸ்டன் ஒரு உருட்டு உருட்டி மூடுறான், அடுத்த சுத்துல எல்லாரும் ஒன்னா ஏறுறானுங்க. அந்தத் தப்ப வெட்டல, திருத்தல, அப்படியே ரெக்கார்டா வந்துச்சு, அமெரிக்கப் பாட்டு வரிசையான பில்போர்டுல ரெண்டாவது எடத்துக்குப் போச்சு. அப்புறம் இந்தப் பாட்ட வாசிச்ச எத்தனையோ பேண்டு அந்தத் தப்பையும் சேத்தே வாசிக்குது. தப்பே பாட்டோட ஒரு பகுதியாயிருச்சு. நாலு மணிக்கு அந்த எடத்த முதல் தடவ கேட்டப்போ எனக்கு ஒடம்பு சிலுத்துச்சு, ஏன்னா அதுவரைக்கும் நான் கேட்ட எந்தப் பாட்டுலயும் ஒரு மனுஷன் தடுக்கி விழுந்து எந்திரிச்சு ஓடுறத கேட்டதே இல்ல.

இதுக்கப்புறம் நடந்தது இன்னும் பெரிசு. வார்த்த புரியலங்கிறதால பசங்க ஆளாளுக்கு ஒரு அசிங்கமான வரிய கற்பன பண்ணி, பேப்பர்ல டைப் அடிச்சு கைக்குக் கை மாத்துனானுங்க. 1964ல இந்தியானா கவர்னர் இந்தப் பாட்டு ஆபாசம்னு சொல்லி, ரேடியோல போடாதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு. பெத்தவங்க அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்கு லெட்டர் போட்டாங்க. எஃப்.பி.ஐ எறங்குச்சு. எறங்கி என்ன பண்ணுச்சுன்னா லேப்ல அந்த ரெக்கார்ட வேகத்த மாத்தி மாத்திப் போட்டுக் கேட்டாங்க, ரெண்டு வருஷத்துக்கு மேல விசாரண, நூறு பக்கத்துக்கு மேல ஃபைல், கடைசில எந்த வேகத்துல ஓட்டுனாலும் என்ன பாடுறான்னு புரியலன்னு எழுதி மூடிட்டாங்க. பாட்ட எழுதுன பெர்ரியோட வரிகள் காப்பிரைட் ஆபீஸ்ல சுத்தமா இருக்கு, எடுத்துப் படிச்சா முடிஞ்சது. ஜாக் ஈலியோ அந்த ரெக்கார்டு பிரபலம் ஆகுறதுக்கு முன்னாடியே பேண்ட விட்டு வெளிய போயிட்டான், டிரம்மர் இனிமே நான்தான் பாடுவேன்னு நின்னதால. ஒரு நாட்டோட போலீசே பயந்து காது வச்சுக் கேட்ட அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன், தன் பேண்டுலயே இல்ல.

ராக் பாட்டுக்காரங்கள அவுட்லா அவுட்லான்னு, சட்டத்துக்கு அடங்காதவன்னு பேசுறாங்களே, எனக்கு அதோட அர்த்தம் இங்கதான் புரிஞ்சுது. லெதர் ஜாக்கெட், மண்டையோடு, மோட்டார் பைக்கு இதெல்லாம் பின்னாடி வந்த வேஷம். எனக்கு அதெல்லாம் பிடிக்கும், மண்டையோடு போட்ட டீ-ஷர்ட் என்கிட்டயும் இருக்கு. ஆனா அந்தப் பல்லுக்கம்பி போட்ட பையன் யாருகிட்டயும் அனுமதி கேக்கல, பாடுனான், போய்ட்டான். அதிகாரத்துல இருக்கவனால அதத் தாங்கிக்க முடியல பாருங்க.

நண்பர் தகரம்னு சொன்ன சோனிக்ஸுக்கு வரேன். டகோமா, வாஷிங்டன் மாநிலம். பேப்பர் மில் நாத்தத்துக்குப் பேர்போன ஊரு, பக்கத்துல ராணுவ மொகாம், விமானப்படை தளம். மேல பறக்குற ஜெட்டு காத்தக் கிழிக்கிற சத்தம்தான் பேண்டுக்கே பேரு. 1965ல வந்த முதல் எல்பி ரெண்டே ரெண்டு டிராக்குல (டேப்புல தனித்தனியா பதியிற தடம்) ரெக்கார்டு பண்ணது, டிரம்ஸுக்கு ஒரே ஒரு மைக்கு. அந்த டிரம்மர் பாப் பென்னெட்டோட டிரம்ஸ் சத்தத்த இன்னைக்கு நூறு டிராக் வச்சு ரெக்கார்டு பண்றவங்க யாராவது கொண்டு வந்து காட்டட்டும், நான் ஒத்துக்குறேன். நிர்வாணா பேண்டோட கர்ட் கோபேனே அந்த டிரம்ஸ் சத்தத்த மெச்சிப் பேசியிருக்காரு. பாடகர் ஜெர்ரி ராஸ்லி கத்துறது அடித்தொண்டைலருந்து இல்ல, அடிவயித்துலருந்து. பொண்ணு ஏமாத்திட்டா, கார் வேணும், இப்படித்தான் அப்ப மத்தவங்க பாட்டு. இவங்க விஷத்த தண்ணியவிட ரசிச்சுக் குடிப்பேன்னு பாடுனாங்க. ரெண்டாவது எல்பிக்கு ஸ்டுடியோ சுவத்துல ஒட்டியிருந்த சத்தத்த அடக்குற அட்டையெல்லாம் பிச்சு எறிஞ்சாங்களாம், சுவரு அதிரட்டும்னு. புரியுதா, மத்தவன் காசு குடுத்து ஒட்டுறத இவனுங்க பிச்சானுங்க!

இன்னும் நெறைய பேர் இருக்காங்க. ஜெர்மனில அமெரிக்க ராணுவ வேல முடிஞ்சு அங்கயே தங்கி, நடு மண்டைய வழிச்சுக்கிட்டு கழுத்துல கயித்தக் கட்டிக்கிட்டு வாசிச்ச மாங்க்ஸ் பேண்டு அஞ்சு பேரு. 1968ல சிகாகோல போலீசு தடிய ஓங்கிட்டு சுத்துன பார்க்குல துணிஞ்சு வாசிச்ச எம்சி5 பேண்டு, அவங்க மேனேஜர் ஜான் சின்க்ளேர ரெண்டே ரெண்டு கஞ்சா சுருட்டுக்குப் பத்து வருஷம் உள்ள தள்ளுனாங்க, பீட்டில்ஸ்ல இருந்த ஜான் லெனான் வந்து பாடி, மூணு நாள்ல அவர் வெளிய வந்தாரு. ஒவ்வொன்னுக்கும் தனிப் பதிவு எழுதலாம்.

ஆனா எனக்கு சாமி மாதிரி ஒரு பேண்டுன்னா அது டெட் மூன். இவங்களப் பத்திப் பேசினா எனக்குத் தொண்ட அடைக்கும், உண்மையாவே.

டெட் மூனோட பாடகர் ஃப்ரெட் கோல் 60கள்லயே பாட வந்தவர். 1966ல வியட்நாம் போருக்குப் பிடிச்சுட்டுப் போயிருவாங்கன்னு பயந்து அவரும் அவர் பேண்டும் கனடாவுக்குக் கெளம்புனாங்க. போர்ட்லாண்டுல பெட்ரோல் தீந்துபோச்சு. அங்க ஒரு கிளப்புல வேல பாத்த டூடியப் பாத்தாரு. 1967ல கல்யாணம். அந்தப் பெட்ரோல் மட்டும் இன்னும் கொஞ்சம் இருந்திருந்தா டெட் மூனே இல்ல, நெனச்சுப் பாருங்க. மூணு புள்ளைங்க. கொஞ்ச காலம் குடும்பத்தோட கனடாவோட யூக்கான் காட்டுப்பக்கம் போய் வாழ்ந்து பாத்தாங்க, திரும்பி வந்து போர்ட்லாண்ட் பக்கத்துல க்ளாக்கமஸ்ல ஃப்ரெட் தன் கையாலயே வீடு கட்டுனாரு. இசைக்கருவி கடை நடத்துனாங்க. டூடி பேஸ் கிட்டார கைல எடுத்ததே முப்பது வயசு வாக்குல, புருஷன் சொல்லிக் குடுத்து. 1987ல டெட் மூன் ஆரம்பிக்கிறப்போ ரெண்டு பேரும் நாப்பத நெருங்கிட்டாங்க. டிரம்ஸுக்கு ஆண்ட்ரூ லூமிஸ்னு ஒரு சின்னப்பையன் வந்தாரு. மேடைல அவரோட டிரம் மேல ஒரு காலி விஸ்கி பாட்டில், அதுல சொருகுன மெழுகுவத்தி. வேற அலங்காரம் எதுவும் கெடையாது.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். இவங்க ரெக்கார்ட வெட்டுனதே வீட்டுலதான். ஃப்ரெட்கிட்ட 1954ல செஞ்ச பிரெஸ்டோ கம்பெனி லேத் மெஷின் ஒன்னு இருந்துச்சு, ஸ்டீரியோ கெடையாது, ஒத்தத் தடமா மோனோ மட்டும்தான் வெட்டும். லேத்னா பட்டறைல இரும்பு கடையிறது மாதிரியேதான். அலுமினியத் தட்டு மேல அரக்கு மாதிரி ஒரு பூச்சு, தட்டு சுத்தும், மேலருந்து ஊசி எறங்கி பாட்டு அதிர அதிர அந்தப் பூச்சுல ஒரே கோடா வரி கீறிட்டே போகும், கீறுன பிசிறு தலமுடி மாதிரி சுருண்டு வெளிய வரும். நடுவுல நிறுத்த முடியாது, அழிச்சு எழுத முடியாது. சத்தம் கொஞ்சம் தூக்கலாப் போனா ஒரு கோடு பக்கத்துக் கோட்டுல ஏறிரும், தட்டு வீண். அப்படி ஒவ்வொரு பக்கமா உக்காந்து ஒரு மனுஷன் தன் பாட்டத் தானே வெட்டுனாரு. 'லூயி லூயி'ய வெட்டுன அதே மெஷின்தான் அதுன்னு டெட் மூன் ரசிகர்கள் சொல்லுவாங்க. எனக்கு அத நம்பத்தான் ஆச. ரெக்கார்ட வெளியிடுற லேபிளும் அவங்களோடதுதான், டூம்ஸ்டோன்னு பேரு. யூரோப்புல, முக்கியமா ஜெர்மனில, ஊர் ஊரா கூட்டம் கூடுச்சு. சொந்த ஊர்ல அவ்வளவு பேருக்குத் தெரியாது, அதப் பத்தி அவங்க கவலைப்பட்ட மாதிரியும் தெரியல.

வீடியோவுல பாருங்க, மூணு பேரும் மேடைல ஒட்டி ஒட்டி நிப்பாங்க. ஃப்ரெட்டோட குரல் உச்சத்துக்குப் போய் ஒடையும், ஒடையிற எடத்துல டூடி தன் குரலக் குடுத்துத் தாங்கிப் பிடிப்பாங்க, அது சுருதில இருக்காது, ஆனா விட மாட்டாங்க. கல்யாணம் ஆகி நாப்பது வருஷம் ஆன ரெண்டு பேரு அப்படி ஒரு மைக்குக்குப் பக்கத்துல நின்னு கத்துறதப் பாக்குறப்போ, ஜாக் ஈலி தடுக்கி விழுந்தப்ப டிரம்மர் ஓட்டைய மூடுன அந்த எடம்தான் எனக்கு ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வரும். ஒருத்தர் தவறுறப்ப அடுத்தவர் ஓடி வந்து பிடிக்கிறது, அது அப்படியே கேக்கும் உங்களுக்கு. சுத்தமா திருத்தி, சுருதி சேத்து, மெஷின்ல வழவழன்னு தேச்சு விடுற பாட்டுல இது எங்க இருக்கும்?

2006ல டெட் மூன நிறுத்துனாங்க, ஆனா ஃப்ரெட்டும் டூடியும் நிறுத்தல, பியர்ஸ்ட் ஏரோஸ்னு அடுத்தத ஆரம்பிச்சிட்டாங்க. 2016ல லூமிஸ் கேன்சர்ல போய்ட்டாரு. 2017 அக்டோபர்ல போர்ட்லாண்ட் நகராட்சி ஒரு நாள 'டெட் மூன் நைட்'னு அறிவிச்சு அவங்கள கூப்ட்டு கௌரவிச்சுது, அவங்க பாட்டோட பேரையே வச்சு. ராணுவத்துக்கு டிமிக்கி குடுத்து, பெட்ரோல் இல்லாம அந்த ஊர்ல வந்து நின்ன பையனுக்கு, அம்பது வருஷம் கழிச்சு. உடம்பு முடியாத நிலமைலயும் ஃப்ரெட் டூடியோட சிட்டி ஹாலுக்கு வந்து பாடுனாரு. அடுத்த மாசம், நவம்பர் 9, அவரும் போய்ட்டாரு.

நண்பா, நீ இதப் படிப்பேன்னு தெரியும். அடுத்த சனிக்கிழம வா. தகரத்தயே திரும்பப் போடுறேன், ஆனா முதல்ல 'லூயி லூயி', அந்த சோலோ முடியிற எடத்துல வால்யூம ஏத்திட்டு ரெண்டு பேரும் பேசாம இருப்போம்.