மாறாத நெல் எந்த வயலில் விளைகிறது?

ஞாயிற்றுக்கிழமை நடந்த பாரம்பரிய நெல் விழாவின் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்த மூன்று நாளில் நாலு குரூப்பிலாவது வந்து விழுந்திருக்கும். கடைசியில் மைக்கைப் பிடுங்கும்போது "ஒரு நிமிஷம் ஐயா" என்று ஒரு குரல் கேட்கிறதே, அது நான்தான். "உரக் கம்பெனி ஆள்" என்று கமெண்டில் பட்டம் கொடுத்தவர்களுக்கு நன்றி. கம்பெனி சம்பளம் வந்ததும் எல்லாருக்கும் பிரியாணி.

கடையில் விற்கும் பிபிடி, பொன்னி, ஐ.ஆர். அரிசி எல்லாமே மரபணு மாற்றிய விஷம், விதையில்லாப் பழம் தின்றால் வம்சம் நின்றுவிடும் என்று மேடையில் பேசிய ஐயா முழங்கினார். மண்டபமே கை தட்டியது. பேசி முடித்து உட்கார்ந்தவர், தட்டிலிருந்து ஒரு பூவன் பழத்தை எடுத்து உரித்துச் சாப்பிட்டார். "ஐயா, அதில் விதை எங்கே?" இதைத்தான் கேட்க எழுந்தேன். வேறு எந்தச் சதியும் இல்லை.

காட்டு வாழையை உரித்துப் பார்த்திருக்கிறீர்களா? வால்பாறை போகிற வழியில் ஒருமுறை பார்த்தேன். மிளகைக் கொட்டி வைத்த மாதிரி உள்ளே கறுப்புக் கறுப்பாக விதை, சதை என்று பல்லில் படுவது கொஞ்சம்தான். நாம் தின்கிற பூவனுக்கு, மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம் மூன்று தொகுதி. அதைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாததால் விதை பிடிப்பதில்லை. எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் விதையில்லாத பழத்தைத் தின்று பார்த்து, அந்த வாழையின் கன்றை மட்டும் பெயர்த்து நட்டிருக்கிறார். அந்த மலட்டு வாழையைத்தான் கல்யாண வாசலில் கட்டி, "வாழையடி வாழையாக" என்று வாழ்த்துகிறோம். யார் வம்சமும் நிற்கவில்லை.

நெல்லும் அப்படித்தான். மாறாத நெல் என்று ஒன்று கிடையாது. காட்டு நெல் பழுத்ததும் மணியைத் தானே உதிர்த்துவிடும், அதன் பிழைப்பு அதில்தான். உதிராமல் கதிரிலேயே நின்ற மணிகளை மனிதர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய், அதையே திரும்ப விதைத்தார்கள். வெள்ளை அரிசியும் ஒரு மரபணு பழுதானதால் வந்ததுதான். சிவப்பைக் கொடுக்கும் மரபணுவில் 14 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டுப் போயின, அரிசி வெளுத்துவிட்டது. மாப்பிள்ளைச் சம்பாவின் சிவப்புதான் பழைய நிறம். ஐயா கட்டியிருந்த வேட்டி மாதிரி வெள்ளையாக நெல்மணி இயற்கையில் பிறக்கவில்லை.

எங்கள் அப்பாயி அறுப்புக்கு முதல் நாள் கூடையோடு வயலில் இறங்கும். மீசை நீண்ட கதிரைத் தொடாது. பதர் கண்டதைத் தொடாது. கனத்துத் தொங்கும் கதிரை உள்ளங்கையில் ஏந்தி மெல்ல ஒரு குலுக்கு, உதிராமல் நின்றால் கிள்ளிக் கூடையில் போடும். அது மட்டும்தான் விதைக்கோட்டைக்குப் போகும், வைக்கோல் பிரி சுற்றி மேலே சாணி மெழுகி. அப்பாயிக்குக் கையெழுத்து போடத் தெரியாது. ஆனால் எந்த மரபணு அடுத்த வருஷம் முளைக்க வேண்டும் என்று அந்தக் குலுக்கில்தான் முடிவாகியது. இதற்கு என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள்? இயற்கையா, தலையீடா?

சரி, விழாவில் போட்டிருந்த விதை ஸ்டாலுக்கு வருவோம். அங்கே "மூதாதையர் நெல்" என்று போர்டு வைத்துக் கிச்சிலிச் சம்பா விற்றார்கள். கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1921இல் வெளியிட்ட ஜிஇபி 24 என்ற ரகத்துக்கு ஊர் வைத்த பெயர்தான் கிச்சிலிச் சம்பா. ஜிஇபி என்றால் கவர்ன்மென்ட் எகனாமிக் பொட்டானிஸ்ட், வெள்ளைக்காரன் காலத்துப் பதவி. கோனாமணி என்ற நெல்லில் தானாக ஏற்பட்ட ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்துப் பிரித்தெடுத்தார்கள். (ஆத்தூர் கிச்சிலி என்ற நெல் வேறு என்று சண்டைக்கு வருவீர்கள். வேறாகவே இருக்கட்டும்.) அந்த ஜிஇபி 24ஐ ஜப்பான் நெல்லோடு கலந்ததில் பிறந்தது ஆடுதுறை 27 என்ற ரகம். டிகேஎம் 6 என்ற இன்னொரு ரகத்தின் வழியாக ஐ.ஆர். 20 நெல்லுக்கு இது தாத்தா முறை. ஐயா விஷம் என்ற பிபிடி 5204இன் ரத்தத்திலும் இதுவே ஓடுகிறது. தாத்தா அமுதம், பேரன் விஷமா?

பொன்னி கதை இன்னும் வேடிக்கை. காவிரியின் பெயர் வைத்துக்கொண்டு அத்தனை உரிமையாகச் சாப்பிடுகிறோம். அது மலேசியாவில் மசூரி என்ற பெயரில் வந்த நெல். தைவான் நெல் ஒன்றுக்கும் மலேயா நெல் ஒன்றுக்கும் பிறந்தது. நமக்கென்ன, சோறு நன்றாக இருந்தது, பொன்னி என்று பெயர் வைத்துத் தத்தெடுத்துக்கொண்டோம்.

இவை எதுவும் ஆய்வுக்கூடத்தில் அயல் மரபணு நுழைத்த பயிர் இல்லை. இந்த நாட்டில் அப்படிச் சாகுபடிக்கு அனுமதி பெற்றுப் பரவலாக விளைவது பிடி (Bt) பருத்தி மட்டும்தான், 2002 முதல். ஒரு பாக்டீரியாவின் மரபணுவை நுழைத்து, புழுவைக் கொல்லும் விஷத்தைச் செடியே உண்டாக்கும்படி செய்தது அது. பிடி கத்தரிக்காய் 2010லேயே நிறுத்தி வைக்கப்பட்டது. இதைச் சொன்னால் நான் கம்பெனி ஆளா?

"அப்போ பிடி பருத்திக்கு ஆதரவா?" என்று இன்பாக்ஸில் ஒருவர். இல்லை சார். காய்ப்புழு சாகும் என்றுதான் விற்றார்கள். சில வருஷத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதைத் தின்று பழகிவிட்டது. விஷத்தைத் தாங்கிய நாலு புழு பிழைத்தது, அதன் பிள்ளைகள் வயலை நிறைத்தன. அப்பாயி கதிர் பொறுக்கிய அதே வேலையைப் பருத்திக்காட்டில் விஷம் செய்தது. விதை விலை, விதை யார் கையில் என்ற கேள்வியெல்லாம் எனக்கும் உண்டு. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த மரபணு திருத்திய நெல்லில் ஒன்றான கமலா, நம் பிபிடியில் செய்ததுதான். அயல் மரபணு இல்லை, உள்ளே இருந்த ஒன்றைத் திருத்தியிருக்கிறார்கள். அந்தத் தொழில்நுட்பத்தின் காப்புரிமை யாரிடம் என்று கேளுங்கள், நானும் கூட நிற்கிறேன். ஆனால் அதைக் கேட்க முதலில் எது எது என்று பிரித்துத் தெரிய வேண்டாமா? எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு "விஷம்" என்று கிண்டினால் நிஜமான கம்பெனிக்காரன்தான் சிரிப்பான்.

"நூற்றுக்கணக்கான பாரம்பரிய நெல் அழிந்ததே?" அழிந்தது. மறுக்கவில்லை. பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடித் தேடி மீட்ட நெல் ஜெயராமன் செய்த வேலையைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ரகங்கள் குறைந்தால் நாளைக்கு ஒரு நோய் வரும்போது தேடி எடுக்க ஒன்றும் இருக்காது. அதற்காக அந்த நெல்லைக் கைவிட்ட விவசாயியை முட்டாள் என்று மேடையில் ஏளனம் செய்வீர்களா?

ஏனென்றால் கைவிட்டவர்களில் எங்கள் அப்பாவும் ஒருவர். பதினைந்து வயதில் ஒரு தை மாதம், மார்பளவு வளர்ந்த கிச்சிலி மழையில் மொத்தமாகப் படுத்துவிட்டது. மூன்று நாள் தண்ணீரில் கிடந்து, கதிரிலேயே பச்சையாக முளை விட்டது. அதை அறுத்துக் காயவைத்து அவித்துத் தின்றார்கள், அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது என்பார். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி 1967இல் ஒரு தேர்தலையே புரட்டியது என்றால் அன்றைக்குப் பசி எப்படி இருந்திருக்கும்? 1966இல் வந்த ஐ.ஆர். 8 என்ற நெல்லின் தண்டு குட்டை, சாயாது. அந்தக் குட்டைத்தன்மைகூடத் தைவானில் ஒரு பழைய நெல்லில் தானாக வந்ததுதான். சோறு சப்பென்றுதான் இருந்ததாம். ஆனால் இருந்ததாம்.

அந்த மேடையில் ஐயா சொன்னது "நம் அப்பன்கள் ஆசைப்பட்டு விஷம் விதைத்தார்கள்". மூன்றாவது வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். பாரம்பரிய நெல் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று அவர்தான் என்னைக் கூட்டிப்போகச் சொன்னார். நான் எழுந்தது பழத்துக்காக என்றுதான் இந்நேரம் வரை நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும் வழியில் அவர் எதுவும் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். ஸ்டாலில் வாங்கிய கால் கிலோ கிச்சிலி விதை. கொல்லையில் நாலு பாத்தி போட்டுப் பார்க்கலாம், சாய்ந்தால் குச்சி ஊன்றிக் கட்டிக்கொள்ளலாம் என்றார்.

மாமா மகன் இன்றைக்கும் அதே வீடியோவைக் குடும்ப குரூப்பில் போட்டிருக்கிறான். என்னைத் திட்டுபவர்கள் கமெண்டில் தாராளமாகத் திட்டுங்கள், பதில் சொல்கிறேன். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை வந்தால் பிளாக்.