"மற்ஸா, பயோவா?" என்பதற்கு அப்பால் ஒரு கல்வி

சாதாரண தரப் பெறுபேறுகள் வந்த கையோடு யாழ்ப்பாணத்து வீடுகளில் எழும் முதற் கேள்வி "மற்ஸா, பயோவா?" என்பதுதான்; உயர்தரத்தில் கணிதப் பிரிவா, உயிரியல் பிரிவா என்பது அதன் பொருள். பிள்ளை வர்த்தகம் படிக்கப் போகிறது என்றால் வீட்டார் ஒருவாறு சமாதானமடைவார்கள், கலைப்பிரிவு என்றால், "ஏன், பெறுபேறு காணாதோ?" என்று அயலவர் விசாரிப்பார்கள். பதினாறு வயதில் மூன்று பாடங்களைத் தெரிந்தெடுத்து, அன்றோடு ஏனைய அறிவுத்துறைகளுக்கெல்லாம் அந்நியராகிவிடும் இந்த ஏற்பாட்டை நாங்கள் மாற்ற முடியாத விதி போல ஏற்றுக்கொண்டிருக்கிறோம். இது பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

லிபரல் ஆர்ட்ஸ் எனப்படும் பல்துறைக் கல்வியைப் பற்றிப் பேசினால், அது உயர்தரக் கலைப்பிரிவின் இன்னொரு வடிவம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இடைக்கால ஐரோப்பாவில் அக்கல்வி ஏழு கலைகளைக் கொண்டிருந்தது. இலக்கணம், தருக்கம், சொல்வன்மை ஆகிய மூன்றோடு எண்கணிதம், கேத்திரகணிதம், இசை, வானியல் ஆகிய நான்கும் அவற்றுள் அடங்கின. மொழியறிவும் கணித அறிவும் ஒரே மாணவரிடம் எதிர்பார்க்கப்பட்டன; இசை கணிதத்தின் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது.

எங்கள் மண்ணுக்கும் இது புதிதன்று. 1823 முதல் 1855 வரை இயங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் தமிழும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும் கணிதமும் வானியலும் இயற்கை விஞ்ஞானமும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கப்பட்டன. மதமாற்றமே அமெரிக்க மிஷனரிமாரின் முதன்மை நோக்கம் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, சட்டம் பயின்று, ஏட்டுச்சுவடிகளிலிருந்து கலித்தொகையை 1887இல் பதிப்பித்தார். அதே கல்விக்கூடத்தின் மாணவரான கறோல் விசுவநாதபிள்ளை தமிழில் அட்சரகணித நூல் எழுதினார்.

இவர்களை விடவும் என் மனதில் ஆழமாகப் பதிந்தவர் சுவாமி விபுலாநந்தர். காரைதீவிலே பிறந்து, இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்று, சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்து, மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்து, துறவு பூண்டபின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர் அவர். பழந்தமிழ் இசையையும் யாழ்க் கருவியையும் ஆராய்ந்து அவர் எழுதி, 1947இல் வெளிவந்த யாழ் நூலை இந்தப் பின்னணியோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதை சொல்லும் இசை நுட்பங்களை உரையின் துணையோடு தமிழறிஞர் ஒருவர் பொருள் கொள்ளலாம். குரல் (ஸ) எனும் சுரத்தைத் தரும் நரம்பின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டினால் இளி (ப) எனும் சுரம் பிறக்கும், அதன் அதிர்வெண் குரலைப் போல ஒன்றரை மடங்காக இருக்கும் என்பதைப் பௌதிகம் படித்த ஒருவர் கணித்துவிடலாம். வழக்கொழிந்துபோன யாழை மீட்டெடுக்க முயல்வதற்கோ, செய்யுளையும் உரையையும் சுர இடைவெளிகளை அளக்கும் அலகுக் கணக்கையும் ஒருவரே தம் மனதில் ஒருங்கே வைத்திருக்க வேண்டியிருந்தது. அவர் இன்று பதினாறு வயதுப் பிள்ளையாக எங்கள் பாடசாலையொன்றில் இருந்திருந்தால், தமிழா பௌதிகமா என்று கேட்டு ஒன்றைக் கைவிடச் செய்திருப்போம்.

பெற்றோரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. பல்கலைக்கழக அனுமதியில் தமிழ் மாணவர்களைப் பாதித்த எழுபதுகளின் தரப்படுத்தலையும் அதன்பின் நீண்ட போரையும் கண்ட சமூகத்துக்கு வைத்தியத்துறையும் பொறியியலும் கரைசேரும் வழிகளாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் இன்று எங்கள் முன் நிற்கும் சிக்கல்கள் பாடப்பிரிவுகளுக்கு அடங்கி நிற்பவையல்ல.

எங்கள் கிணற்றுத் தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாடு இது. சுண்ணக்கல்லில் தேங்கும் மழைநீரே எங்கள் சீவன். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடும் உரத்திலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் நைத்திரேற்று அந்த நீருக்குள் இறங்குகிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. நீரைக் கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, செறிவு கூடும் என்பதை இரசாயனம் படித்தவர் சொல்வார். ஆனால் தோட்டக்காரர் ஏன் அவ்வளவு உரம் போடுகிறார் என்பதற்குச் சந்தை விலையும் கடனும் தெரிய வேண்டும். கிணறு யாருடையது என்று கேட்டால், காணி உறுதியில் எழுதப்பட்ட கிணற்றுப் பங்கையும், ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையையும் புரட்ட வேண்டும். யார் எந்தக் கிணற்றில் அள்ள முடிந்தது, யார் தள்ளி நிறுத்தப்பட்டார்கள் என்ற சாதி வரலாறும் அதே கிணற்றடியில்தான் இருக்கிறது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் நிபுணர் அறிக்கைகளே ஒன்றோடொன்று முரண்பட்டன. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று 2019இல்தான் தீர்ப்பு வந்தது. மாதிரி நீர் எந்தப் பருவத்தில், எந்தக் கிணற்றில் எடுக்கப்பட்டது, அறிக்கையைக் கேட்டவர் யார் என்று விசாரிக்கத் தெரிந்த குடிமக்கள் வேண்டும். பல்துறைக் கல்வியின் பயன் எதுவென்று என்னிடம் கேட்பவர்களுக்கு இதையே சொல்வேன்.

எல்லாவற்றிலும் கொஞ்சம் தொட்டுக்கொள்ளும் படிப்பை நான் கேட்கவில்லை. விபுலாநந்தர் விஞ்ஞானத்தையும் தமிழையும் முறையாகக் கற்றவர். ஒரு துறையிலாவது ஆழமில்லாதவர் பல துறைகளை இணைக்க முற்பட்டால் வெறும் பேச்சே மிஞ்சும். பெருங்கட்டணம் அறவிடும் தனியார் கல்லூரிகளும் இதற்குத் தேவையில்லை. இலவசக் கல்விக்குள்ளேயே இது நடக்க வேண்டும். கைதடியில் சித்த மருத்துவம் பயிலும் பல்கலைக்கழக மாணவர்கள் பழந்தமிழ் மருத்துவப் பாடல்களையும் நவீன உடற்கூற்றியலையும் சேர்த்தே படிக்கிறார்கள். ஆகவே எங்களால் முடியாத காரியம் அன்று.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் எல்லாப் பீடங்களிலும் முதலாமாண்டு மாணவர்களுக்கு நிலத்தடி நீர் பற்றிய ஒரு பொதுப் பாடத்தை வைக்கலாம். புவியியல், இரசாயனம், சட்டம், விவசாயம், வரலாறு ஆகிய துறைகளின் விரிவுரையாளர்கள் அதைச் சேர்ந்து நடத்தட்டும். மருத்துவ மாணவியும் கலைப்பீட மாணவனும் ஒரே குழுவில் வலிகாமத்துக் கிணறொன்றின் நீரைப் பரிசோதித்து, அதன் பங்குகாரரோடு பேசி, அறிக்கையைத் தமிழில் எழுதட்டும். திருநெல்வேலியிலும் கிளிநொச்சியிலுமாகப் பிரிந்திருக்கும் பீடங்களுக்கு நேர அட்டவணை பொருந்தாது என்பார்கள். வாரத்தில் ஒரு பிற்பகலை அதற்கென ஒதுக்கினால் தொடங்கிவிடலாம். அந்தப் பாடத்தின் புள்ளிகள் பட்டத்தின் பெறுபேற்றோடு கட்டாயம் சேர வேண்டும்; அல்லாவிட்டால் பரீட்சைக்கே பழகிய எங்கள் பிள்ளைகள் அதை ஒப்புக்குத்தான் படிப்பார்கள்.