புதுப் பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கிறோம்?

போன மாதம் எங்கள் வார்டில் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இரவு எட்டு மணி. சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடும் நேரம். உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை, நர்சிங் முடித்து வேலையில் சேர்ந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. 20 யூனிட் எடுத்துக்கொண்டு கட்டிலை நோக்கி நடந்தாள். பஞ்சு எடுக்க வந்த என் கண்ணில் அவள் கையிலிருந்த சிரிஞ்சின் சிவப்பு மூடி பட்டது. சிவப்பு மூடி என்றால் 40 யூனிட் குப்பிக்கான, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட் இன்சுலின் இருக்கும் குப்பிக்கான சிரிஞ்ச். வார்டில் வழக்கமாக இருப்பதும் அந்தக் குப்பிதான். அன்று நோயாளியின் மகன் வெளிக்கடையில் வாங்கி வந்ததோ 100 யூனிட் குப்பி. அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் வேண்டும். சிவப்பில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அரை மில்லி வரும். அந்தக் குப்பியில் அரை மில்லி என்றால் 50 யூனிட். அந்தப் பெரியவர் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிப் போயிருப்பார்.

"இது உனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். "படித்திருக்கிறேன் அக்கா" என்றாள். உண்மைதான், படித்திருக்கிறாள். ஆனால் பதினான்கு கட்டில்கள், இரண்டு புது அட்மிஷன், ஓயாமல் கூப்பிடும் அட்டெண்டர்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் படித்தது கைக்கு வர வேண்டுமே! அவளுக்குத் துணை என்று பட்டியலில் பெயர் இருந்த சீனியருக்கும் அதே எண்ணிக்கையில் கட்டில்கள். அவர் எந்த நேரத்தில் சொல்லித் தருவார்?

மறுநாள் அந்தப் பிள்ளைக்கு மெமோ கொடுத்தார்கள். டியூட்டி பட்டியல் போட்டவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

1984-இல் அமெரிக்கச் செவிலியர் பாட்ரிசியா பென்னர், ஒரு செவிலியர் தேர்ச்சி பெறுவதை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். ஒரே மாதிரியான வேலையில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்தவரைத்தான் அவர் மூன்றாம் படியில் வைக்கிறார். நாம் பதினோராம் நாளில் தனியாக நிறுத்துகிறோம்.

"எங்களுக்கு மட்டும் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று என்னோடு வேலை பார்ப்பவர்களே கேட்கிறார்கள். எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 2002-இல் பெரியாஸ்பத்திரியில் பயிற்சியில் இருந்தபோது, அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த ஓர் இளைஞருக்கு பிரஷர் பார்த்து, சரியாக இருப்பதாக எழுதிவிட்டு நகர்ந்தேன். வார்டு சிஸ்டர் என்னைத் திரும்பக் கூப்பிட்டு, "யூரின் பையைத் தூக்கிப் பார்த்தாயா?" என்றார். இரண்டு மணி நேரமாக அதில் ஒன்றும் சேரவில்லை. நாடி 120-க்கு மேல் ஓடியது. அந்த இளைஞர் போர்வையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். உள்ளே ரத்தம் கசிந்தால் சிறு வயதுக்காரர்களுக்கு முதலில் நாடி ஏறும், சிறுநீர் குறையும், பிரஷர் கடைசியில்தான் விழும் என்று சிஸ்டர் கட்டிலருகே நின்றபடியே விளக்கினார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். இன்றும் எந்த நோயாளியிடம் போனாலும் என் கை முதலில் அந்தப் பைக்குத்தான் போகிறது.

அந்தப் பத்து நிமிடத்தைத்தான் கேட்கிறேன். அதைச் சீனியரின் நல்ல மனதுக்கு விட்டுவிடாமல் டியூட்டி பட்டியலில் எழுத வேண்டும். முதல் மூன்று மாதம் புதியவருக்கு ஒரே சீனியர், இருவருக்கும் ஒரே ஷிப்ட். சொல்லித்தரும் சீனியருக்குக் கட்டில்களில் பாதி குறைய வேண்டும். முதல் மாதம் புதியவருக்கு இரவு டியூட்டியே வேண்டாம். இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு மூன்றையும் இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே போட வேண்டும். பொட்டாசியத்தைக் கலக்காமல் நேரடியாக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதை ஒரு பிள்ளை தவறிழைத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டுமா?

"ஒரு வருடத்தில் வளைகுடாவுக்குப் போய்விடுவார்கள், எதற்குச் சிரமப்பட்டுப் பழக்க வேண்டும்?" என்பார்கள். போகட்டும். சம்பளத்துக்காகப் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்த்தவர்களில் பாதிப் பேர் வளைகுடாவுக்குப் போகவில்லை. பயந்துபோய் வீட்டுக்குத் திரும்பினார்கள். நான்கு வருடப் படிப்பு அத்தோடு முடிந்தது.

அந்தப் பிள்ளை வேலையை விட்டுவிடுவதாக இருந்தாள். ஒரு வாரம் என்னோடு நிற்கச் சொன்னேன். இப்போது குப்பியைக் கையில் எடுத்ததும் எண்ணை வாய்விட்டுப் படிக்கிறாள். ஒன்றாம் தேதி இன்னும் இரண்டு பேர் புதிதாக வருகிறார்கள். என் கட்டில்களை ஏழாகக் குறைத்துத் தந்தால் இருவரையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. நாளைக் காலை மறுபடியும் போய்க் கேட்பேன்.